வெள்ளவத்தையில் நான் படிப்பித்த ஸ்பானிஷ்

1

மகளுடைய பல்கலைக்கழகப் பாடத்துக்காக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் இருபத்தெட்டு வருடமாக மூடி வைத்திருந்ததைத் திறக்க எனக்கென்ன தலையெழுத்தா?

லூசியாவுக்கு இருபது வயது. மொழியியல் படிக்கிறாள். மாட்ரிட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்களைப் பிடித்து, பேச்சைப் பதிவு செய்து, யார் எந்த ஊர் என்று உச்சரிப்பை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டுமாம். தெருவில் போகிறவர்களைப் பிடிக்கப் பஞ்சிப்பட்டு அம்மாவைப் பிடித்தாள். குசினி மேசையில் போனை வைத்துவிட்டு முதலில் ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பிறகு, “உனக்குக் கோபம் வந்த ஒரு சம்பவத்தைச் சொல்லு, மமா” என்றாள்.

என்னிடம் கோபத்துக்கா குறை? வதிவிட அட்டை எடுக்கப் போன கதையைச் சொன்னேன். இந்த நாட்டில் மனிதருக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்க வேண்டும். ஒன்று அப்பா வழி, மற்றது அம்மா வழி. நமக்கோ அப்பாவின் பெயரை விட்டால் வேறு கதியில்லை. “இரண்டாவது குடும்பப் பெயர் எங்கே?” என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் கேட்டாள். இல்லை என்றேன். “பெட்டி காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் எடுக்காது” என்றாள். போ, வா என்று மூன்று தடவை வரிசையில் நிற்க வைத்தார்கள். மூன்றாவது தடவை பொறுமை கெட்டு, அப்பாவின் பெயரையே இரண்டு பெட்டிக்குள்ளும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றைக்கும் என் அட்டையில் நான் ஜெசிந்தா மரியதாசன் மரியதாசன்தான்.

இரண்டு நாள் கழித்து, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு லூசியா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “வாசிக்கும்போது அப்பா மாதிரி, ஈக்வடோர்க்காரர்களின் ‘ஸ’ போட்டு வாசிக்கிறாய். அது சரி, அவரோடு வாழ்கிறாய். ஆனால் கோபம் வந்ததும் அது முழுக்கப் போய்விடுகிறது. வேறொரு ஸ்பானிஷ் வருகிறது. மாட்ரிட் ஸ்பானிஷ்கூட இல்லை. வடக்கே கஸ்டீலியக் கிராமங்களில் எண்பது வயதுக் கிழவிகள் பேசுவது. யாரிடம் படித்தாய்? ஏன் அதை ஒளித்து வைத்திருக்கிறாய்?”

அடுப்பில் சோறு கருகுகிறது என்று எழுந்து போனேன். அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பானிஷில் ‘நன்றி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்ரிட்காரர்கள் நடுவில் நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்துக் காற்றை விடுவார்கள். ‘கிராஃதியாஸ்’. தெற்கே செவில்லாவுக்குப் போனால் அதே சொல் ‘கிராசியா’ ஆகிவிடும். கடைசி ‘ஸ்’ஸை வெயிலுக்குக் காயப்போட்டு மறந்துவிட்டார்கள். கடல் தாண்டித் தென்னமெரிக்கா போனால் நாக்கைப் பல்லுக்கிடையில் வைக்கிற பழக்கமே கிடையாது, எங்கும் ‘ஸ’தான். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மழை வந்தால் அதற்கு மூன்று பெயர். படுக்கையில் இருக்கும் வடக்குக் கிழவிகளுக்கு ‘ல்யூவியா’. மாட்ரிட் நர்சுகளுக்கு ‘யூவியா’. ஆர்ஜென்டினா டொக்டருக்கு ‘ஷூவியா’. மாடி கழுவும் டொமினிக்கன் பெண்ணுக்கோ அவசரம். பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைத்தான் நமக்குத் தருவாள்.

நமக்கு இது புதிதா என்ன? கொழும்பில் காலி வீதியில் ஒரு கடைக்குள் பத்து நிமிடம் நின்றால் போதும். யாழ்ப்பாணத்தார் ‘எண்டு’ என்பார்கள், நாங்கள் கொட்டாஞ்சேனைக்காரர் ‘ன்னு’ என்போம், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து சாமான் கட்டுகிறவர் வேறொன்று சொல்வார், பிறகு மூன்று பேரும் முதலாளியோடு சிங்களத்தில் கதைப்போம். அவரவர் தங்கள் பேச்சுத்தான் பேச்சு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அந்த நினைப்பினால் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டேன் என்று நம்பித்தான் நான் இத்தனை வருடம் வாழ்ந்தேன்.

3

எனக்கு ஸ்பானிஷ் வந்தது ஆசையால் இல்லை, தையல் மெஷினால்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் மடத்தில் தையல் அறை இருந்தது. அதை நடத்தியவர் சிஸ்டர் பிலார். ஸ்பெயினில் கோதுமை விளைகிற வடக்குக் கிராமமொன்றில் பிறந்தவர். ஆங்கிலம் அரைகுறை, சிங்களம் பஸ்ஸில் இறங்கும் இடம் கேட்கிற அளவுக்கு, தமிழ் அறவே இல்லை. பத்தொன்பது வயதில் பொத்தான் துளை தைக்கப் போன நான் ஏழு வருடம் அங்கே இருந்தேன். அவர் தமிழ் படிக்கப் போவதில்லை என்பது முதல் மாதமே தெரிந்துவிட்டது. ஆகவே நான்தான் ஸ்பானிஷ் படிக்க வேண்டியிருந்தது.

படிப்பு என்றால் கொப்பி, பென்சில் என்று நினைக்காதீர்கள். மாலை ஐந்து மணிக்கு மெஷின்களை மூடி, நூல் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே ஸ்பானிஷில் செபமாலை சொல்வோம். ஒரு செபமாலைக்கு ஐம்பத்து மூன்று தடவை ‘அருள் நிறைந்த மரியே’. ‘அருள்’ என்கிற சொல்லிலும் அதே சத்தம்தான். நான் ‘கிராசியா’ என்றால் அளவு நாடாவைச் சுருட்டி என் விரலில் ஒன்று போடுவார். “அது மாலுமிகளின் பேச்சு. நாக்கை வெளியே நீட்டு, பெண்ணே!” ஏழு வருடம் நாளொன்றுக்கு ஐம்பத்து மூன்று தடவை நாக்கை நீட்டினேன். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் எலும்பில் ஏறாமல் எங்கே போகும்?

4

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களால் வெள்ளவத்தை லொட்ஜுகள் நிரம்பி வழிந்தன. வசந்தன் அப்படி வந்தவன்தான். பம்பலப்பிட்டியில் தையல் சாமான் கடையில் நின்றான். நான் காற்சட்டைக்குச் சிப்பும் நூலும் வாங்கப் போவேன்.

“கொட்டாஞ்சேனை ஆக்கள் தமிழைக் கொத்து ரொட்டி மாதிரிக் கொத்திப் போட்டெல்லோ கதைக்கிறியள்” என்றான் முதல் நாளே.

“உங்க தமிழ் மட்டும் என்ன, தேவாரம் தானே! சிப்பை எண்ணித் தாங்க, பஸ் போயிரும்” என்றேன்.

அடுத்த கிழமை தேவையில்லாமல் போய் இன்னும் ஒரு டசின் சிப் வாங்கினேன். மூன்று மாதத்தில் மடத்தில் பத்து வருடத்துக்குப் போதுமான சிப் சேர்ந்துவிட்டது. சிஸ்டர் பிலார் ஒன்றும் கேட்கவில்லை. கலியாணம் கட்டுவது என்று இருவரும் முடிவெடுத்தோம். என் அப்பாவுக்கு அவன் சைவம் என்பது பிரச்சினை. பொலிசுக்கு அவன் யாழ்ப்பாணம் என்பது பிரச்சினை. அப்பாவைச் சமாளித்துவிடலாம். லொட்ஜில் பொலிஸ் பதிவு சரியாக இருந்தும் அவனை இரண்டு தடவை பிடித்து வைத்திருந்துவிட்டு விட்டார்கள். மூன்றாவது தடவை விடுவார்கள் என்று யார் சொல்ல முடியும்? முதலில் அவன் வெளியே போவது, பிறகு என்னைக் கூப்பிடுவது என்று தீர்மானித்தோம்.

அந்த லொட்ஜுக்கு ஒரு ஏஜென்ற் வந்து போவார். தென்னமெரிக்க நாடொன்றின் பாஸ்போர்ட்டுகள் அவர் கைக்கு வந்திருந்தன. “முகம் ஒத்துவரும். வாய்தான் ஒத்துவராது” என்று தலையைச் சொறிந்தவருக்கு, வசந்தன் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டான். ஆறு பேருக்கு ஆறு கிழமைக்குள் நாலு கேள்விக்கு மறுமொழி சொல்கிற அளவு ஸ்பானிஷ் வேண்டும். எனக்கு என்ன வேண்டும் என்று ஏஜென்ற் கேட்டார். வசந்தன் முதல் தொகுதியில் போக வேண்டும் என்றேன். வாயால் கேட்டு வாங்கினேன். இதை நான் மறக்கவே இல்லை.

கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் லொட்ஜின் மேல்மாடி. கிழமைக்கு மூன்று பின்னேரம், இரண்டு பஸ் மாறிப் போவேன். ரயில் போகும்போது பாடத்தை நிறுத்த வேண்டும், ஒரு சொல்லும் கேட்காது. ஆறு பேரில் சறோ அக்காவும் ஒருவர். கணவர் போரில் போய்விட்டார். தம்பி கனடாவில் இருந்து கூப்பிட்டிருந்தார். அவருடைய மகன் கபிலனுக்கு நாலு வயது. பாயோரத்தில் விளையாடிக்கொண்டு வசந்தனை ‘மாமா, மாமா’ என்று பிய்த்துத் தின்பான். சின்னப் பிள்ளை, நித்திரையாக்கிக் கொண்டுபோகலாம் என்று ஏஜென்ற் சொன்னதால் அவனுக்குப் பாடம் இல்லை.

சீ.ஆர். கொப்பியில் ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த நாக்கு நீட்டும் சத்தத்துக்குத் தமிழில் எழுத்து ஏது? ஆய்தத்தைப் போட்டு ‘ஃத’ என்று ஒன்றை உண்டாக்கினேன். படிப்பிக்க எனக்குத் தெரிந்த வழியும் ஒன்றே ஒன்றுதான். ஆறு சைவர்களை வட்டமாக உட்கார வைத்துச் செபமாலை சொல்லிக் கொடுத்தேன்! சறோ அக்கா நெற்றி நிறையத் திருநீற்றோடு மாதாவை ஸ்பானிஷில் கூப்பிட்டார்.

“பிள்ளையார் என்னோட கோவிக்கப் போறார், ஜெசி” என்று வசந்தன் தலையிலடித்துக் கொள்வான். “மாதாட்டைச் சொல்லி நீர்தான் சமாதானம் பண்ணிவிட வேணும்.”

“நாக்கை நீட்டுங்க முதல்ல!”

“நீட்டினன் நீட்டினன். உமக்கு நாக்கை நீட்டிக் காட்டிறதுக்கு நான் சம்பளமே தருவன்.”

எல்லோரையும்விட அவனுக்குத்தான் அந்தச் சத்தம் நன்றாக வந்தது. சிஸ்டர் பிலார் கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

5

பயணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, துறைமுகத்துக்கு வந்த கப்பலிலிருந்து சிலி நாட்டுச் சமையற்காரர் ஒருவர் மடத்துக்குப் பூசை பார்க்க வந்தார். தேநீர் கொடுத்து இரண்டு வார்த்தை ஸ்பானிஷில் பேசினேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். “யார் உனக்குச் சொல்லித் தந்தது? பழைய பாதிரியார் மாதிரிப் பேசுகிறாய். எங்கள் பக்கம் இப்படி வாயைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்” என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சிஸ்டர் பிலாரிடம் சொன்னேன். “அவர்கள் சொல்லைக் கடித்துத் துப்புகிறவர்கள். நம்முடையதுதான் ஸ்பானிஷ்” என்றார்.

நம்முடையது! அந்த ஒரு சொல்லில் நான் குளிர்ந்து போனேன். கொட்டாஞ்சேனைத் தமிழைக் கொத்து ரொட்டி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்கு, ஒரு மொழியிலாவது மேல்சாதி உச்சரிப்பு கிடைத்துவிட்டது அல்லவா? மூன்று கிழமை போதும். ‘ஃத’ வருகிற இடமெல்லாம் ‘ஸ’ போடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆறு பேரும் மாற்றியிருப்பார்கள், அவர்களுக்கும் லேசாக இருந்திருக்கும். நான் சொல்லவில்லை. அந்தச் சமையற்காரரைப் பற்றி வசந்தனிடம் மூச்சே விடவில்லை.

முதல் தொகுதியில் மூன்று பேர்: வசந்தன், சறோ அக்கா, கபிலன். விமான நிலையத்தில் ஆளை ஆள் தெரியாதவர்போல இருக்க வேண்டும், யாருக்கு என்ன நடந்தாலும் மற்றவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ஏஜென்றின் கட்டளை. ஒரு காலைப்பொழுதில் வான் ஏறிப் போனார்கள். வழியனுப்ப என்னை விடவில்லை. தையல் அறையில் இருந்து காற்சட்டை ஒன்றுக்கு மூன்று கால் தைத்துவிட்டு, பிறகு பிரித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் லொட்ஜ்காரர் ஆள் அனுப்பினார். இடையில் விமானம் மாறுகிற ஊரில் வசந்தன் பிடிபட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, கட்டுநாயக்காவில் இறங்கியதும் கைதாகிவிட்டான். சறோ அக்காவும் பிள்ளையும் கனடா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஏஜென்றை அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

தடுப்பு முகாமில் அவனை மூன்று தடவை பார்த்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், பக்கத்திலேயே தமிழ் தெரிந்த காவலாளி. பயணக் கதையைக் கதைத்தால் இன்னும் எத்தனை பேர் மாட்டுவார்களோ என்று இரண்டு பேரும் சாப்பாடு, சளி, வெயில் என்று கதைத்தோம். நான் சறோ அக்காவின் தம்பி விலாசத்துக்கு எழுதினேன். “என் உச்சரிப்பினால்தானா அக்கா? உண்மையைச் சொல்லுங்கள்” என்று கேட்டேன். இரண்டாவது சந்திப்புக்குப் பிறகு பதில் வந்தது. நீலக் கடதாசி, ஆறு வரி. “ஓம் ஜெசி. அந்த ஒப்பீசருக்கு இவன்ர உச்சரிப்பிலைதான் சந்தேகம் வந்தது” என்று நாலாவது வரியில் இருந்தது.

மூன்றாவது தடவை போனபோது வலையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கங்க. நான் பிழையாச் சொல்லிக்குடுத்துட்டேன்” என்று அழுதேன். அவன் என்னைப் புதினமாகப் பார்த்தான். காவலாளியைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

“விசர்க் கதை கதையாதையும். நீர் நல்லாத்தான் படிப்பிச்சனீர்.”

ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்து இன்னும் அழுதேன்.

நாலாவது தடவை, அவனுக்கென்று தைத்த சேட்டோடு போனேன். “இங்கே இல்லை, மாற்றிவிட்டோம்” என்று வாசலிலேயே திருப்பினார்கள். எங்கே மாற்றினீர்கள் என்றால் கையை விரித்தார்கள். அடுத்த இரண்டு வருடம் மூன்று மொழியில் கடிதம் எழுதினேன். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் அவனுக்கு நான் என்ன முறை என்று கேட்டார்கள். கட்டப்போகிறவள் என்றால் அந்தப் பத்திரத்தில் அதற்கு இடமில்லை. தாய், தகப்பன், மனைவி, சகோதரம், அவ்வளவுதான். கடைசியில் ஒரு பதில் வந்தது: அப்படியொருவர் பதிவில் இல்லை. இன்று வரை இல்லை.

6

சிஸ்டர் பிலார் வயதாகி ஊருக்குத் திரும்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாட்ரிட்டில் அவர்கள் சபை நடத்தும் முதியோர் இல்லத்தில் வேலை. அவரும் அங்கேயே படுக்கையில் விழுந்து, என் கையாலேயே குளித்து, போய்ச் சேர்ந்தார்.

என் கெட்ட காலத்தைப் பாருங்கள். எந்தச் சத்தம் அவனைக் காட்டிக்கொடுத்தது என்று நம்பினேனோ, அந்தச் சத்தம் எழுந்து நடமாடுகிற ஊருக்கே வந்து சேர்ந்தேன். தண்ணீர் கொடுத்தால் ‘கிராஃதியாஸ்’. தலையணையைத் திருப்பிப் போட்டால் ‘கிராஃதியாஸ்’. அவர்கள் நன்றி சொல்லச் சொல்ல நான் அவசரமாக அடுத்த கட்டிலுக்கு நகர்வேன். வந்த முதல் மாதமே நான் அந்தச் சத்தத்தை விட்டேன். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் பூட்டிவிட்டு எல்லாவற்றுக்கும் ‘ஸ’ போட்டேன். சிஸ்டர் பிலாருக்கு மனம் நொந்தது. “ஏழு வருடம் வீணாகிவிட்டதே” என்றார். நான் காரணம் சொல்லவில்லை.

பிறகு இல்லத்து வான் ஓட்டுகிற ஈக்வடோர்க்காரரைக் கட்டினேன். பெயர் வில்சன். கொட்டாஞ்சேனையில் என் சனம் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு இன்னமும், ஜெசி அங்கே நம்ம பக்கத்துப் பொடியனைத்தான் பிடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல மனிதர். அவர் பேச்சில் அந்தச் சத்தம் இல்லை என்பதும் அவரை எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம். அவரிடமும் இதைச் சொன்னதில்லை.

மகளுக்கு எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயிலின் புனிதை பெயர் வைத்தோம். நானும் அவரும் ‘லூசியா’ என்று கூப்பிட்டோம். பள்ளிக்கூடம் போன முதல் கிழமை வீட்டுக்கு வந்து, “என் பெயர் லூஃதீயா. நீங்கள் இரண்டு பேரும் தப்பாகச் சொல்கிறீர்கள்” என்றாள். ஐந்து வயது. வில்சன் சிரித்தார். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். பிள்ளைகள் தாய்மொழியை விட்டுப் போவது ஊர் ஊராக நடக்கிற கதை. லூசியாவுக்கும் ‘சாப்பிடு’, ‘ஐயோ’ தவிரத் தமிழ் இல்லை. ஆனால் என் பிள்ளை என்னை விட்டுப் போனது அந்தச் சத்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டு என்று எனக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளை தன் பெயரைச் சொல்கிறபோது எனக்கு வசந்தன் ஞாபகம் வந்தால் நான் என்ன செய்வேன்?

7

ஏன் ஒளிக்கிறாய் என்று லூசியா ஒரு கிழமை விடாமல் கேட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்றானது. சொல்வதானால் சரியாகச் சொல்ல வேண்டும். அந்த அதிகாரி என்ன கேட்டான், வசந்தன் எந்தச் சொல்லில் மாட்டினான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கப் பயந்தேன். சறோ அக்காவோடு நத்தாருக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புவதோடு சரி. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரொறன்ரோவுக்கு எடுத்தேன். அங்கே காலை. லூசியா மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, வசந்தன் என்ன சொல்லைச் சொல்லிப் பிடிபட்டாரு? மகளுக்குச் சொல்லணும்.”

அந்தப் பக்கத்தில் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

“அவன்ர ஸ்பானிஷிலை ஒரு பிழையும் இல்லை, ஜெசி” என்றார் சறோ அக்கா. “அவன் எங்களுக்கு முன்னாலையே தாண்டிப் போயிட்டான். ஒப்பீசர் ரெண்டு கேள்வி கேட்டவன். இவன் நீர் படிப்பிச்ச மாதிரியே மறுமொழி சொன்னவன். பேசாமல் முத்திரை குத்தி விட்டிட்டான்.”

“அப்போ?”

“பிறகு நான் போனன். கபிலன் முழிச்சிட்டான். தண்ணி, தண்ணி எண்டு தமிழிலை அழத் துவங்கினான். ஒப்பீசர் நிமிர்ந்து என்னட்டை ஏதோ கேட்டான். எனக்கு வாய் வரேல்லை. ஒரு சொல்லும் வரேல்லை. மற்ற ஒப்பீசரையும் கூப்பிட்டான். எங்கட கதை முடிஞ்சுது எண்டு நினைச்சன். வசந்தன் அங்காலை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவன். பேசாமல் போயிருக்கலாம். திரும்பி ஓடி வந்தான், ஜெசி. என்னைத் தெரியாத மாதிரி அவங்களுக்கு முன்னாலை போய் நிண்டு, ‘நான் சிலோன்காரன், என்னைப் பிடியுங்கோ’ எண்டு தமிழிலை கத்தினான். பாஸ்போர்ட்டைக் கிழிச்சு எறிஞ்சான். எல்லாரும் அவனிலை போய் விழுந்திட்டாங்கள். பிளேன் வெளிக்கிடப் போகுது எண்டு ஒரு பொம்பிளை எங்களைத் தள்ளிக்கொண்டு போயிட்டாள்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். “அப்போ எனக்கு ஏன் அப்படி எழுதினீங்க?”

“நீரெல்லோ கேட்டு எழுதினனீர், உம்மட உச்சரிப்பாலையோ எண்டு. கடதாசியை வச்சுக்கொண்டு நாலு நாள் இருந்தன். என்ர பிள்ளை அழுததாலை எண்டு எழுதக் கை வரேல்லை. ஓம் எண்டு எழுத லேசாய் இருந்தது. அவன் எப்பிடியும் ரெண்டு மூண்டு மாசத்திலை வெளியிலை வருவான், வந்து தானே உமக்குச் சொல்லுவான் எண்டுதான் நினைச்சன். அவன் வரேல்லை. பிறகு எப்பிடிச் சொல்லுறது?”

வாயில் வந்தபடி ஏசினேன். கொட்டாஞ்சேனையில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் ஏசுவார்களே, அந்தத் தமிழில். இருபத்தெட்டு வருஷம் அக்கா, இருபத்தெட்டு வருஷம், ஒரு மனுசி நிம்மதியா நன்றி சொன்னதில்லை, பெத்த புள்ள பேரைச் சரியாக் கூப்பிட்டதில்லை, உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா என்று கத்தினேன். லூசியாவுக்கு ஒரு சொல் விளங்காது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏசி முடிந்ததும் உட்கார்ந்தேன். அவன் தாண்டிப் போயிருந்தான். நான் படிப்பித்த ஸ்பானிஷில், நாக்கை நீட்டி, மறுமொழி சொல்லித் தாண்டிப் போயிருந்தான். நல்லாத்தான் படிப்பிச்சனீர் என்று அவன் வலைக்கு அப்பால் நின்று சொன்னது உண்மை. அதைக்கூட நான் நம்பவில்லையே! அவனுடைய கடைசி வார்த்தையை ஆறுதல் என்று தள்ளிவிட்டேனே என்று அப்போதுதான் அழுகை வந்தது. அடக்க முடியவில்லை.

அழுது முடியும் வரை அவர் போனை வைக்கவில்லை.

“ஜெசி, இன்னொண்டு கேக்க வேணும்” என்றார் பிறகு. “கபிலனுக்கு இது தெரியாது. அவனுக்கும் இப்ப பிள்ளை பிறந்திருக்கு. எங்களோட வந்த அந்த மாமா ஆரம்மா, அவர் எப்பிடிப் பிடிபட்டவர் எண்டு இப்ப அடிக்கடி கேக்கிறான். இனியும் பொய் சொல்ல ஏலாது போலை கிடக்கு. நீர் சொல்லும். சொல்லட்டோ?”

சொல்லுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். நான் சுமந்தேன், இனி உங்கள் பிள்ளை சுமக்கட்டும் என்கிற கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. ஆனால் நாலு வயதில் தண்ணீர் கேட்டு அழுத பிள்ளை அது. இந்தச் சாமானை ஒருவர் தலையில் வைத்தால் அது எந்தெந்த இடத்தில் வந்து நிற்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தண்ணீர்க் குவளையை எடுக்கும்போது நிற்கும். தன் பிள்ளை அழுகிறபோது நிற்கும்.

“வேணாம் அக்கா. அவன்கிட்ட சொல்லாதீங்க” என்றேன். “கேட்டா, படிப்பிச்ச டீச்சர் பிழையாப் படிப்பிச்சிட்டாங்கன்னே சொல்லுங்க.”

அன்று பின்னேரமே லூசியாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிஸ்டர் பிலாரின் ஸ்பானிஷிலேயே, ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் பதிவு செய்யவில்லை.

உங்களுக்கு இதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். சறோ அக்காவின் பெயரையும் கபிலனின் பெயரையும் மாற்றிவிட்டேன், ஆனாலும் ஒரு பயம். சறோ அக்காவிடமே கேட்டேன். “எழுதும் ஜெசி, அவன்ர பேரிலை ஒரு எழுத்தாவது எங்கையாவது இருக்கட்டும்” என்றார். கபிலன் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்றேன். அந்த மனுசி ஒரு பெருமூச்சு விட்டது கேட்டது. கபிலனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதாம்.